ஊதினார், பூஜ்யம், போகச் சொன்னார்கள்

போன மாதம் மதுரை விமான நிலையத்திலிருந்து அத்தானை அழைத்துக்கொண்டு காரைக்குடி திரும்பிக்கொண்டிருந்தோம். மேலூர் தாண்டியதும் போலீஸ் நிறுத்தி டிரைவர் தம்பியை ஊதச் சொன்னார்கள். பூஜ்யம். அனுப்பிவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் வண்டி ரோட்டு நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நகர்ந்தது. அத்தான் தோளைத் தட்டியதும் தம்பி திடுக்கிட்டு விழித்தார். மேலூர் டீக்கடையில் சளிக்கு ஒரு மாத்திரை போட்டிருக்கிறார். அவ்வளவுதான். மீதித் தூரத்தை நான் ஓட்டினேன்.

அத்தான் ஜெர்மனியில் இருக்கிறார். நரம்புவலிக்கு டாக்டர் எழுதித் தரும் கஞ்சா மருந்துதான் அவருக்கு. அங்கே 2017 முதல் சட்டப்படி சீட்டுக்குக் கிடைக்கிறது. (இங்கே கொண்டுவரவில்லை, பயப்படாதீர்கள்.) ராத்திரி முகப்பில் உட்கார்ந்து இதைத்தான் பேசினோம்.

2024 ஆகஸ்டில் ஜெர்மனி வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு வரம்பு வைத்தது: ரத்த சீரத்தில் மில்லிலிட்டருக்கு 3.5 நானோகிராம் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்). அதற்கு முன் நீதிமன்றங்கள் 1 என்று வைத்திருந்தன. சீட்டுப்படி மருந்து எடுப்பவருக்கு இந்த எண் பொருந்தாது. ஆனால் ஓட்டும் நிலையில் இல்லாமல் ஓட்டினால் அவர் மீதும் வழக்குதான்.

எனக்கு இது சரியாகப் படுகிறது. சாராயம் ரத்தத்தில் ஏறி, மணிக்கு இவ்வளவு என்று இறங்கிவிடும். டி.எச்.சி. கொழுப்பில் தங்கி, நாள்கணக்கில் கசியும். தினமும் எடுக்கும் நோயாளி தெளிவாக இருக்கும்போதும் எண்ணில் மாட்டுவார். எப்போதாவது எடுப்பவர் எண் இறங்கிய பிறகும் தடுமாறலாம். அதற்காகச் சீட்டை லைசென்ஸ் மாதிரி நீட்டவும் கூடாது. மருந்து தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நம் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு மதுவுக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று எண் சொல்கிறது. போதைமருந்துக்கு எண் இல்லை, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறது. சோம்பேறித்தனமாக எழுதிய பிரிவு என்று முன்பு நினைத்திருக்கிறேன். இப்போது அந்தக் கேள்விதான் சரியென்று தோன்றுகிறது. ஆனால் ரோட்டில் அதைக் கேட்பவர் யார்? குழாயை நீட்டுகிறார்கள், பூஜ்யம் வந்தால் போகச் சொல்கிறார்கள். கண்ணைப் பார்த்து நாலு வார்த்தை பேசியிருந்தால் தம்பியை அங்கேயே இறக்கியிருப்பார்கள்.

மறுநாள் காரில் அந்த மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தேன். மருந்துக்கடையில் ரெண்டு மாத்திரையை மட்டும் கத்தரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மருந்தின் பெயரே பாதியில் வெட்டுப்பட்டிருந்தது.