பெருவிரலைக் கேளுங்கள்: கிட்டாரில் பரோக் இசை, என் தெரிவுகள்

பாக், ஸ்கார்லாட்டி போன்ற பரோக் கால (சுமார் 1600–1750) ஐரோப்பிய இசையமைப்பாளர்களைக் கிட்டாரில் கேட்பவர்கள் பலர் வேகத்தையும் இனிமையையும் வைத்தே பதிவுகளைத் தரம் பிரிக்கிறார்கள். நான் முதலில் கவனிப்பது வலது கைப் பெருவிரலை. பரோக் இசையில் கீழ்க்குரல் துணைக்கு ஒலிப்பதல்ல, அதுவும் ஒரு தனிப் பாட்டு. அதை மீட்டுவது பெருவிரல். மீட்டுவதைவிடச் சிரமம், நேரத்துக்கு அடக்குவது.

கிட்டாரின் தடித்த மூன்று தந்திகளை (4, 5, 6) விரல் வைக்காமல் மீட்டினால் கார்வை சில விநாடிகள் நிற்கும். இசை ஏ (A) சுரத்திலிருந்து இ (E) சுரத்துக்குப் போன பிறகும் பழைய ஏ அடியில் முனகிக்கொண்டே இருந்தால் சுரம் ஒன்றுகூடப் பிசகாமல் வாசித்தாலும் கலங்கித்தான் கேட்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கிரேடு தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இதை முதலில் சரிசெய்ய வேண்டும். ஐந்தாம் தந்தியிலிருந்து ஆறுக்கு வரும்போது, ஆறை மீட்டிய வீச்சிலேயே பெருவிரல் ஐந்தின் மேல் சாய்ந்தால் அது தானாக அடங்கும். ஆறிலிருந்து ஐந்துக்குப் போகும்போதுதான் வம்பு. ஐந்தை மீட்டியதும் பெருவிரலின் பக்கவாட்டால் ஆறைத் தொட வேண்டும். இது கைவர மாதக்கணக்கில் ஆகும்.

அடக்கும் சுத்தத்துக்கு என் முதல் தெரிவு ஜான் வில்லியம்ஸ் 1975-இல் வெளியிட்ட பாக் லூட் இசை (லூட் என்பது மீட்டி வாசிக்கும் பழைய ஐரோப்பியத் தந்திக் கருவி). அதில் பி.டபிள்யூ.வி. (பாக் படைப்புகளின் பட்டியல் எண்) 998-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இ பிளாட்டில் எழுதிய இதைக் கிட்டாரில் டி-யில், நம் கணக்கில் 2 கட்டையில், வாசிப்பது வழக்கம். ஆறாம் தந்தியை ஒரு முழு சுரம் இறக்க வேண்டும். மூன்றாவது பகுதியான அலெக்ரோவை முதல் தடவை மேல்குரலைக் கேளுங்கள். இரண்டாம் தடவை கீழ்க்குரலை மட்டும் கூடவே முனகிப் பாருங்கள். எந்த இடத்தில் சுரம் நிற்கிறது, எங்கே அடுத்ததோடு சேர்கிறது என்பது பிடிபடும்.

ஜூலியன் பிரீம் 1960-களின் நடுவில் பதிவுசெய்த லூட் சூட்டுகள் (நடனத் துண்டுகளின் தொகுப்புகள், பட்டியலில் 996, 997) வேறு ரகம். திரும்ப வரும் பகுதிகளில் கையைப் பாலத்தருகே (தந்திகளைக் கட்டிய கட்டைப் பக்கம்) நகர்த்தி நாதத்தின் நிறத்தையே மாற்றிவிடுவார். படிப்பதற்கு வில்லியம்ஸ், மனசுக்குப் பிரீம். ஒன்றுதான் வாங்கலாம் என்றால் நான் பிரீமையே எடுப்பேன். 996-இன் பழைய கைப்பிரதி ஒன்றில் அது லூட்வெர்க் என்ற விசைப்பலகைக் கருவிக்கானது என்று குறிப்பு இருக்கிறது. லூட் இசையைக் கிட்டாருக்கு மாற்றுவது தவறு என்று வாதிடுபவர்கள், அது லூட்டுக்கே எழுதியது என்பதே உறுதியில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மானுவல் பாருயேகோ 1997-இல் வெளியிட்ட பாக் வயலின் சொனாட்டாக்களில் 1005-இன் ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துக்கொள்ளும் வடிவம்) 354 தாள அளவுகள் (bars) நீளம். அத்தனை நீளத்திலும் குரல்கள் ஒன்றோடொன்று சிக்குவதில்லை.

பால் கால்பிரெய்த் எட்டுத் தந்திக் கிட்டாரைச் செல்லோபோல நிமிர்த்தி வைத்து, அடியில் ஒரு கம்பியை ஒலிப்பெட்டியில் ஊன்றி வாசிப்பார். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்த ஊர்க்காரர்களுக்கு இது வினோதமாகத் தோன்றாது. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று கூடுதலாக இரண்டு தந்தி இருப்பதால் மற்றவர்கள் ஒரு ஸ்தாயி ஏற்றி வாசிக்க வேண்டிய கீழ்ச்சுரங்கள் பலவும் தம் இடத்திலேயே கிடைக்கின்றன. 1998-இல் வந்த அவருடைய பாக் வயலின் சொனாட்டா, பார்ட்டிட்டா தொகுப்பில் சகோன் (ஒரே அடிப்படையின் மேல் மாறி மாறி விரியும் நீண்ட துண்டு) மெதுவாகப் போகும். பொறுமை வேண்டும். சகோனை முதலில் கேட்காதீர்கள், ஃபியூக்குகள் பழகிய பிறகு வாருங்கள். 1935-இல் பாரிஸ் மேடையில் அதைக் கிட்டாருக்குக் கொண்டுவந்த ஸ்பானியக் கலைஞர் செகோவியாவின் பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் இரண்டு கொள்கைகள் மோதுவது தெரியும்.

பழைய பதிவுகளில் பாக் காலத்து லூட் கலைஞர் வைஸ் பெயரில் வரும் ஏ மைனர் சூட் உண்மையில் இருபதாம் நூற்றாண்டு மெக்சிகோ இசையமைப்பாளர் பொன்சே எழுதியது. நல்ல இசைதான், ஆனால் அதை வைத்து வைஸை எடைபோடக் கூடாது.

எதில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். இறக்கிய ஆறாம் தந்தி 73 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கரில் அதன் கனம் வராது, மேல் அதிர்வுகளை வைத்துக் காது ஊகித்துக்கொள்ளும். பெருவிரலின் வேலை முழுவதும் அங்கே தொலைந்துபோகும். நம் ஊர் வீட்டு வளவும் (முற்றத்தைச் சுற்றிய கூடம்) இதற்கு ஆகாது. ஆத்தங்குடிக் கல், வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், கல் தூண் எல்லாம் ஒலியைத் திருப்பியடிக்கும். அடக்கிய சுரமும் அடங்காததாகவே கேட்கும். மெத்தையும் துணியும் அடைந்த உள்ளறையில் ஜமுக்காளம் விரித்து, ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். மூலையில் வைத்தால் கீழ்ச்சுரம் வீங்கும். சாதாரண ஹெட்ஃபோன் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம்.

ஸ்பானிய பரோக் கிட்டார் கலைஞர் காஸ்பர் சான்ஸுக்கு மட்டும் என் அளவுகோல் பொருந்தாது. 1674-இல் வெளியான அவருடைய நூல் ஐந்து ஜோடித் தந்திக் கிட்டாருக்கானது. நுணுக்கமாக மீட்டி வாசிக்க, நாலாவதும் ஐந்தாவதும் ஒரு ஸ்தாயி மேலே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அப்போதுதான் அடுத்தடுத்த சுரங்கள் வெவ்வேறு தந்திகளில் விழுந்து மணியோசையாக ஒன்றின் மேல் ஒன்று ஒலிக்கும். இன்றைய கிட்டாரில் அவருடைய நடனத் துண்டான கனாரியோஸ் எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் அந்த மணியோசை பெரும்பாலும் வராது. ஹாப்கின்சன் ஸ்மித் பரோக் கிட்டாரில் வாசித்ததைக் கேளுங்கள். வீட்டில் பழைய நைலான் கிட்டார் சும்மா கிடந்தால் ஐந்தாவது இடத்தில் ஓர் இரண்டாம் தந்தியைப் போட்டு ஏ-க்கு இறக்குங்கள், நாலாவதில் ஒரு முதல் தந்தியைப் போட்டு டி-க்கு இறக்குங்கள். மேல்கட்டையின் (கழுத்து முனையில் தந்திகள் தாங்கும் கட்டை) பள்ளம் தடித்த தந்திக்கு வெட்டியது என்பதால் மெல்லிய தந்தி தாழ்ந்து உட்கார்ந்து கரகரக்கும். பள்ளத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து வைத்தால் போதும், நின்றுவிடும்.