போர்வையை விலக்கிப் பார்த்தால் என்ன தப்பு?

நேற்று ஓடிய அந்தப் பதிவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காசு கட்டிவிட்ட திமிரில் பிள்ளைகள் முதியோர் இல்லத்துக்குள் போலீஸ் மாதிரி நுழைகிறார்களாம், பெற்றவர்களின் போர்வையைத் தூக்கிப் பார்க்கிறார்களாம், வேலை செய்கிறவர்களை அவமானப்படுத்துகிறார்களாம். அதற்கு விழுந்த ஹார்ட்டின்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. சந்தோஷம்.

நான் தூக்கிப் பார்க்கிறவள்தான். ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் அசையாது. இப்படிப் படுத்தே இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் எல்லாம் சிவக்க ஆரம்பிக்கும். விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பே சரியாகத் தெரியாது. கையை வைத்துப் பார்த்து, அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்போதே கவனித்தால் ஆறிவிடும். விட்டால் எலும்பு வரை போகும். போர்வையைத் தூக்காமல் இதை எப்படிப் பார்ப்பது? பதிவு எழுதியவர் சொல்லட்டும்.

முதலில் சேர்த்த இல்லத்தில் எல்லோரையும் போல ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போவேன். அம்மா தலைவாரி, பொட்டு வைத்து, சக்கர நாற்காலியில் வாசல் ஹாலில் ரெடியாக இருப்பார். "நல்லா சாப்பிட்டாங்க மேடம்." ஒரு வார நாளில் சொல்லாமல் போனேன், மாலை ஐந்து மணி இருக்கும். அம்மா அரைத்தூக்கத்தில் கிடந்தார், உதடு காய்ந்திருந்தது. புரட்டிப் பார்த்தால் முதுகின் அடியில் அப்பியிருந்த பவுடருக்குக் கீழே தோல் உரிந்து கிடந்தது. ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கினேன். புரட்டிவிட்டதாக ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் சேர்த்தே எழுதி வைத்திருந்தார்கள். ஐந்து மணிக்கு! "ஏன் இப்படித் தூங்குகிறார்?" என்றால், ராத்திரி சத்தம் போடுகிறார் என்று ஒரு மாத்திரையாம். எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்? பதில் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், போய்ப் பார்க்க வேண்டும். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துவிட்டு வருவது பார்ப்பதில் சேராது.

"நம்பிக்கை இல்லையென்றால் ஏன் விடுகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பேங்க் கவுன்டரில் வாங்கிய பணத்தை அங்கேயே நின்று எண்ணுகிறோமே, கேஷியர் கோபித்துக்கொள்கிறாரா? நோட்டுக்குக் கொடுக்கிற கவனத்தை அம்மாவுக்குக் கொடுத்தால் மட்டும் திமிராகிவிடுமா?

"அம்மாவுக்குக் கூச்சமாக இருக்காதா?" திரையை இழுத்துவிட்டு, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பார்க்கிறேன். மகள்தானே.

"ஆயாக்கள் பாவம்." பாவம்தான். பன்னிரண்டு மணி நேர டியூட்டி, ராத்திரியில் ஒரு தளம் முழுவதற்கும் ஒரே ஆள். அதை முதலாளியிடம் போய்ச் சொல்லுங்கள். அவர்களுக்காக உருகிய அந்தப் பதிவில் சம்பளத்தைப் பற்றி ஒரு வரி உண்டா? இப்போதைய இல்லத்தில் ஓர் அக்கா இருக்கிறார். நான் உள்ளே போனதும் அவரே குதிகாலைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, இன்னைக்கு நல்லாருக்கு" என்பார். அவருக்கு ஒரு அவமானமும் ஆகவில்லை.

அப்புறம் சிசிடிவி பக்தர்கள். என் அண்ணனும் அந்தக் கட்சிதான், வெளிநாட்டில் இருந்தபடி போனில் பார்த்துவிட்டு "அம்மா நல்லாத்தானே தூங்கறாங்க" என்பான். நனைந்த டயப்பரின் நாற்றம் கேமராவில் வருமா? எடை குறைவது தெரியுமா? மாதா மாதம் எடை பார்த்து எழுதச் சொல்லி நான் கேட்டால், "நீ ரொம்பச் சண்டை போடற" என்கிறான். சண்டை போட இங்கே ஒருத்தி இருப்பதால்தான் அவனால் அங்கே தூங்க முடிகிறது. சரி, அதை விடுங்கள்.

2007-ல் வந்த மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி பெற்றவர்களைப் பிள்ளைகள் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருக்கட்டும், தேவைதான். ஆனால் காசு வாங்கிக்கொண்டு கைவிடுகிறவர்களைப் பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை? 14567 என்று முதியோர் உதவி எண் இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன் பண்ணுவதற்கு முன் ஒருவர் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டுமே.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சித்தப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுட்டியாமே" என்றார். அம்மா வீட்டில் இருந்தபோது டயப்பர் மாற்ற ஒரு நாள் வந்தவரா இவர்? அவர் வீட்டிலிருந்து அந்த இல்லத்துக்கு ஒரே பஸ். இன்னும் போகவில்லை. நேற்றைய பதிவுக்கு ஹார்ட்டின் போட்டிருக்கிறார், பார்த்தேன்.

வாங்க சித்தப்பா. குதிகாலை எப்படிப் பார்ப்பது என்று நானே காட்டித் தருகிறேன். பதிவு எழுதியவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் இல்லத்துக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டு வராதீர்கள்.