"போர்ஷன் முடிஞ்சுதா?" என்று கேட்பதை நிறுத்துங்கள்

2020 ஏப்ரலில் கொரோனாவால் பள்ளிகள் மூடியதால் உலகம் முழுக்கச் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்பது யுனெஸ்கோ கணக்கு. பாடப்புத்தகம் முதல்முறையாகப் பெற்றோர் கைக்கு முழுசாக வந்தது அப்போதுதான். நல்லதுதான். ஆனால் பிள்ளை திணறிய இடத்திலெல்லாம் நாமே விடையைச் சொல்லி, பிழையே இல்லாத ஒர்க்ஷீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பிள்ளைக்கு எது வரவில்லை என்பது மட்டும்தான் ஆசிரியருக்கு அதிலிருந்து தெரிய வேண்டியது. ரப்பர் வைத்து அழித்தது அதைத்தான்.

502-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் 476 என்று எழுதும். கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். 2-லிருந்து 8 போகாது என்பதால் 8-லிருந்து 2, அதேபோல 7-லிருந்து 0, கடைசியில் 5-லிருந்து 1. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது புரியவில்லை, நடுவில் பூஜ்ஜியம் வேறு. இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஐம்பது கணக்கு கொடுத்தால் ஐம்பதையும் இதே மாதிரி தப்பாகப் போடும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைப் பிரித்துக் காட்டினால் ஒரே வாரத்தில்கூடப் பிடிபடலாம்.

பாடத்திட்டத்தில் சில பாடங்களை வெட்டும் பாடக்குறைப்பிலும் இதே சிக்கல்தான், பிள்ளைக்கு எது விடுபட்டது என்பது மறைந்துபோகும். ஒரு வகுப்பில் பின்னத்தை வெட்டினால் அடுத்த வகுப்பில் விகிதமும் சதவீதமும் ஆட்டம் காணும். வரலாற்றில் ஒரு பாடம் விட்டுப்போனால் பிறகு படித்துக்கொள்ளலாம், கணக்கில் அப்படி முடியாது. அதனால் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் "போர்ஷன் எவ்வளவு முடிஞ்சது" என்பதை விட்டுவிட்டு, "எதை விட்டீங்க, அடுத்த வகுப்பில் எந்தப் பாடம் அதை நம்பி இருக்கு" என்று கேளுங்கள். வேகம், வரிசை இரண்டிலும் பெற்றோர் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். கற்பிக்கும் முறையில் மட்டும் தலையிட வேண்டாம் என்பேன். பள்ளியில் ஒரு வழி, வீட்டில் "எங்க காலத்து" வழி என்று போனால் பிள்ளை இரண்டையும் பாதி பாதியாகக் கலந்துவிடும்.

கூட்டத்துக்குப் போகும் முன் ஒரு தாளில் ஐந்தே கணக்கு, பத்து நிமிடம், உதவி கூடாது. முடிந்ததும் "எப்படிப் போட்டே?" என்று கேட்டு, பிள்ளை சொன்னதை அப்படியே பக்கத்தில் எழுதுங்கள். தேதி போடுங்கள். எதையும் திருத்தாமல் ஆசிரியரிடம் கொடுங்கள். "கணக்கு வரமாட்டேங்குது" என்ற புலம்பலை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது, இந்தத் தாளை வைத்து முடியும். இரண்டு வாரம் கழித்து அதே வகைக் கணக்கை வேறு எண்களில் கொடுத்துப் பாருங்கள். எண்ணை மாற்றாவிட்டால் விடையை ஞாபகத்திலிருந்து எழுதிவிடும்.