கட்டைவிரல் இமோஜி அனுப்பினாலே ஒப்பந்தமா?

கட்டைவிரல் இமோஜியை யார் அனுப்பினாலும் அது கையெழுத்தாகிவிடும் என்று கனடா நீதிமன்றம் தீர்ப்பளித்ததாகப் பரவும் செய்தி, பாதி உண்மையே. 2023-இல் சஸ்காட்செவன் மாகாண கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் விசாரித்த வழக்கில், தானிய நிறுவனம் ஆளிவிதை ஒப்பந்தத்தின் படத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பி உறுதிப்படுத்தக் கேட்டது. விவசாயத் தரப்பு அந்தக் குறியை மட்டும் பதிலாக அனுப்பியது; பின்னர் ஆளிவிதையை ஒப்படைக்கவில்லை. செய்தி கிடைத்ததையே அது குறித்ததாக அத்தரப்பு வாதிட்டது. ஆனால், இருதரப்பும் முன்பு 'சரி' போன்ற சுருக்கமான பதில்களிலேயே ஒப்பந்தங்களை முடித்து, விளைச்சலையும் ஒப்படைத்திருந்த வழக்கத்தை நீதிபதி எடைபோட்டே, இந்தச் சூழலில் அது ஒப்புதல் எனக் கண்டு, சுமார் 82,200 டாலர் இழப்பீடு விதித்தார். பரவும் செய்தி விட்டுவிடுவது இந்தப் பின்னணியைத்தான். 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையால் இத்தீர்ப்பை உறுதிசெய்தது. ஒரு நீதிபதி மாறுபட்டார்.