அந்தக் கோடு டிசைன் இல்லை

மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று ராத்திரி அதே ஆள் மறுபடியும் "என்ன, இன்னும் கோவம் தீரலையா?" என்று மெசேஜ் போட்டதும் முடியவில்லை. என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பெருவிரல் ரேகை பதித்து என் தோழிக்கு நான் செய்து கொடுத்த அந்த வெள்ளிப் பதக்கம்தான். அதைப் பார்த்துவிட்டு அந்த ஆள் கேட்டது இது: "அதே மாதிரி எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க. ரேகை யாரோடதா இருந்தா என்ன, பார்க்க நல்லா இருக்கு. நடுவுல குறுக்கே போற அந்தக் கோட்ட மட்டும் இன்னும் கொஞ்சம் ஆழமாப் போடுங்க, ஸ்டைலா இருக்கும்."

அது டிசைன் இல்லைங்க.

அது என் தோழியின் அம்மாவின் விரல். அந்தக் கோடு, சின்ன வயதில் கத்தி பட்டு ஆறிய தழும்பு. வளைந்து வளைந்து வரும் ரேகை அந்த இடத்தில் சட்டென்று அறுந்து, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை தள்ளி மறுபடி தொடங்கும். அம்மா படுக்கையில் இருந்தபோது, இரண்டு பாகமாக வரும் சிலிகான் பசையைப் பிசைந்து, அது இறுகும் அந்தச் சில நிமிடங்களுக்குள் அவர் பெருவிரலை என் தோழிதான் அழுத்திப் பிடித்து எடுத்தாள். அச்சு என்னிடம் வந்தபோது அம்மா இல்லை. பதக்கத்தைக் கையில் கொடுத்ததும் அவள் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தன் பெருவிரலை அதன்மேல் வைத்து மெல்ல நகர்த்தி, அந்தத் தழும்பைத் தேடினாள். கிடைத்ததும் விரலை அங்கிருந்து எடுக்கவே இல்லை. அதைத்தான் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போடச் சொல்கிறார்கள்.

முடியாது என்றேன். அதற்கு வந்த பதில்தான் என்னைக் குத்தியது. "அர்த்தம் கிர்த்தம்னு சொல்றதெல்லாம் விக்கிறதுக்குத்தானே? அதுவும் வெறும் களிமண்ணு."

களிமண் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நான் பதக்கம் செய்வது வெள்ளிக் களிமண்ணில் (சில்வர் கிளே). பெயரில்தான் களிமண். நுண்ணிய வெள்ளித் தூளும், அதைப் பிடித்துவைக்கும் ஒரு கரிமப் பசையும், தண்ணீரும். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் கொண்டுவந்தது. சூளையில் வைத்தால் பசை எரிந்து போய்விடும், வெள்ளித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிஞ்சுவது 99.9 சதவீத வெள்ளி. ஸ்டெர்லிங் வெள்ளி என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதில் வெள்ளி 92.5 சதவீதம்தான். வார்த்து எடுத்த வெள்ளியைவிட இதில் நுண்துளை அதிகம், அடி தாங்கும் பலம் குறைவு, மெல்லிய மோதிரம் செய்தால் வளையும். அதெல்லாம் உண்மை, வாங்குகிறவர்களிடம் நானே சொல்கிறேன். ஆனால் "வெறும்" என்று சொல்லாதீர்கள்.

இப்போது அந்த அர்த்தத்துக்கு வருகிறேன். ஆமாம், நான் விற்கிறேன். மரம், இறகு, பிறைநிலா எல்லாம் செய்து விற்கிறேன். மரம் என்றால் வாழ்வு, இறகு என்றால் விடுதலை என்று யாராவது சொன்னால் மறுப்பதில்லை. அதெல்லாம் டிசைன். யார் வேண்டுமானாலும் வாங்கி, அவரவர் அர்த்தத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஒருவர் இறகை வாங்கிக்கொண்டு போய், வேலையை விட்ட நாளுக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான் சொல்வது அதைப் பற்றி இல்லை. அந்த விரல் யாரும் உள்ளே நுழைந்துகொள்ளும் காலி வீடு இல்லை. அதில் ஆள் இருக்கிறார்.

"அச்சுதான் கையில இருக்கே, இன்னொண்ணு அழுத்தி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" ஆகாது. பத்து நிமிடம் போதும். அதே அச்சில் தோழியின் தங்கைக்கு இரண்டாவது பதக்கம் நானே செய்து கொடுத்தேன். "அப்போ அது மட்டும் காப்பி இல்லையா?" இல்லை. அவளுக்கும் அவர்தானே அம்மா!

இன்னொரு கேள்விதான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா ராணி அவர் தலைமுடி வைத்த நகைகளை அணிந்திருந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இறந்தவர்களின் முடியை லாக்கெட்டில் வைத்துப் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். இன்று அந்த லாக்கெட்டுகளை, அது யார் முடி என்றே தெரியாதவர்கள் வாங்கிச் சேர்க்கிறார்கள். அது மட்டும் சரியா என்று ஒரு நண்பர் கேட்டார். என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்த முடி நிஜமாக ஒருவருடைய தலையில் இருந்தது என்று தெரிந்துதான் அவர்கள் வாங்குகிறார்கள். முடியின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. இதற்குமேல் அந்த விஷயத்தில் எனக்கு வாதாடத் தெரியவில்லை.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்றால், என்னிடம் அப்படி ஒரு விரல் அச்சு இல்லை. அப்பா போனபோது இந்த வேலை எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்ட பிறகு வீடு முழுக்கத் தேடினேன். கையெழுத்து இருக்கிறது, கைநாட்டு எங்கேயும் இல்லை. கடைசியில் கிடைத்தது அவர் பழைய சட்டையின் பித்தான் ஒன்று. நான்கு துளை, ஓரத்தில் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அதைத்தான் களிமண்ணில் அழுத்தினேன். பொறுமை இல்லை, முழுசாகக் காயும் முன்பே, தீயால் சுடும் டார்ச்சை வைத்துவிட்டேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி ஒரு ஓரம் புடைத்து விரிசல் விட்டது. சுட்டால் சுருங்கும், என்னிடம் இருந்த வகை பத்தில் ஒரு பங்கு சுருங்கியது. சுட்டு எடுத்ததும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. பித்தளை பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க வெள்ளி தெரிந்தது. கந்தகக் கரைசலில் முக்கியதும் துளைகள் கறுத்தன, மேல்பரப்பை மட்டும் துடைத்தேன். அப்பாவின் பித்தானைவிடக் கொஞ்சம் சின்னதாக, ஒரு விரிசலோடு, அந்தத் தேய்ந்த ஓரமும் அப்படியே வந்திருந்தது. அவர் தினமும் கட்டைவிரலால் நெருடி நெருடித் தேய்ந்த ஓரம். விரல் இல்லை, விரல் பட்ட இடமாவது இருக்கிறதே என்று அன்றைக்கு எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

அதைப் பார்த்தும் ஒருவர் சொன்னார்: "விரிசலச் சரி பண்ணிட்டா நல்ல விலைக்குப் போகும்." அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அன்றைக்கே பேசியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு வந்திருக்காதோ என்னவோ.

"சின்ன விஷயத்துக்கு இப்படிக் குதிக்கிறியே" என்று எழுத வருகிறவர்களே, உங்கள் வீட்டில் ஒருவர் போனபிறகு, அவர் கன்னத்து மச்சத்தை "இதே மாதிரி எனக்கும் ஒண்ணு, கொஞ்சம் பெரிசா" என்று யாராவது கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அவ்வளவுதான் நான் கேட்பது. தெரியாமல் கேட்டிருந்தால் தெரியாமல் கேட்டதாகப் போகட்டும். யாருடைய விரல், எதன் தழும்பு என்று சொன்ன பிறகும் "விக்கிறதுக்குத்தானே" என்றதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இன்று காலை அந்த சிலிகான் அச்சைப் பஞ்சில் பொதிந்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, தோழியிடமே கொடுத்துவிட்டேன். "ஏன், உங்கிட்டயே இருக்கட்டுமே" என்றாள். வேண்டாம் என்றேன். இனி யார் வந்து கேட்டாலும் அது என்னிடம் இல்லை.