1982 மில் வேலைநிறுத்தம் கம்யூனிஸ்ட் கட்சி நடத்தியதா?

“1982இல் கம்யூனிஸ்ட் கட்சி ஸ்டிரைக் அறிவித்தது, மும்பை மில்கள் மூடின” என்று தாராவி, மாட்டுங்கா தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மும்பைப் பஞ்சாலைகளில் 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய அந்த வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் தொழிற்சங்கத் தலைவர் டாக்டர் தத்தா சாமந்த். அவர் கம்யூனிஸ்ட் அல்ல. முன்பு காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். தொழிலாளிகள் அவரிடம் போனதே கட்சிச் சங்கத்தின் மேல் இருந்த கசப்பால்தான். 1946ஆம் ஆண்டின் பம்பாய் தொழிலுறவுச் சட்டப்படி ஓர் ஊரில் ஒரு தொழிலுக்கு ஒரே பிரதிநிதிச் சங்கம். மில்களில் அந்த இடம் காங்கிரஸ் சார்பான ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கத்திடம் இருந்தது. அது போட்ட ஒப்பந்தம் எல்லோரையும் கட்டும், பிடிக்காவிட்டாலும். சம்பளம், போனஸோடு இந்தச் சட்டத்தை நீக்குவதும் கோரிக்கைதான். அப்புறம் ‘பத்லி’ ஆட்களின் பிரச்சினை: ஷிப்டுக்கு முன் மில் வாசலில் நிற்பார்கள், நிரந்தர ஆள் வராவிட்டால்தான் அன்றைக்கு வேலை, கூலி.

சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். கம்யூனிஸ்ட் சங்கங்கள் ஆதரித்தன, சரி. ஆனால் ஆதரிப்பது வேறு, அறிவிப்பது வேறு. மில்கள் மூடியதற்கும் ஸ்டிரைக் மட்டுமே காரணமல்ல. பழைய இயந்திரங்களும் விசைத்தறிப் போட்டியும் முன்பே அரிக்கத் தொடங்கியிருந்தன.

1984 தேர்தலில் காங்கிரஸ் அலை அடித்தபோதும் சாமந்த் மும்பையிலிருந்து சுயேச்சையாக மக்களவைக்குப் போனார்.