தற்கொலைக்கு முயன்ற பிள்ளைக்குச் சிறையா?

‘18 வயது நிறைந்த பிள்ளை தற்கொலைக்கு முயன்றால் மருத்துவமனைக்குக் கொண்டுபோகாதீர்கள், போலீஸ் வழக்குப் போட்டுச் சிறையில் தள்ளும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இதை நம்பி வீட்டிலேயே வைத்துக் கைவைத்தியம் பார்ப்பவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஓராண்டு வரை சிறை என்ற இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் இல்லை. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரை நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே குற்றம். அதற்கு முன்பே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று சொல்லிவிட்டது.

மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தரலாம். அது தண்டனை அல்ல. உடனே 108ஐ அழையுங்கள். மனம்விட்டுப் பேச அரசின் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே.